‘செட் ஆகும்’ என்று சொன்னால் வாங்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. சேடை ஓட்ட வண்டி எடுக்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் படித்துவிடுங்கள். மற்றவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படிக்கலாம். டிராக்டர், மினி டிராக்டர், பவர் டில்லர் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயில் மாற்றும்போது வாங்குகிற ஆயில் ஃபில்டரைப் பற்றி எழுதுகிறேன். “டீச்சருக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று சிலர் சிரிப்பீர்கள். களிமண் கலந்த தண்ணீரை வடிதாளில் ஊற்றி, அடியில் தெளிந்த நீர் சொட்டுவதை உங்களுக்குக் காட்டியவள் நான்தான். அந்தப் பாடத்தில் மிச்சம் இருந்ததை இப்போது நடத்துகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் ஃபில்டர் கேட்கும்போது “இது செட் ஆகும், எடுத்துட்டுப் போங்க” என்று சொன்னால் வாங்காமல் திரும்பி வாருங்கள். உங்கள் இன்ஜினுக்கு உரிய பாகத்தின் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணுக்கு நேரான ஃபில்டர் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேலூர் போய் வாங்குங்கள். பஸ் ஏறினால் அரை மணிக்கும் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

போன வருடம் நடந்தது. என் தம்பி மகன் ஒரு டிராக்டர் வைத்திருக்கிறான். சொந்தக் கழனி இரண்டு ஏக்கர்தான். மற்றபடி கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கத்து ஊர்களில் வாடகைக்கு ஓட்டித்தான் வண்டிக் கடன் கட்டுகிறான். முன்பணத்துக்கு மருமகள் நகை வங்கியில் இருக்கிறது. சேடைக்கு முன்னால் ஆயில் மாற்றினான். கடையில் அவன் வண்டிக்கான ஃபில்டர் இல்லை. அதே உயரம், அதே நிறம், கையால் திருகினால் ஏறுகிறது. “இதுவும் அதுவும் ஒண்ணுதான், செட் ஆகும்” என்று கொடுத்துவிட்டார்கள். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ரோட்டவேட்டர் போட்டு ஓட்டும்போது, பின்னால் நடந்து வந்த கழனிக்காரர்தான் முதலில் பார்த்திருக்கிறார். சேடைத் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம், வானவில் மாதிரி. அவர் கத்தியதும் இவன் வண்டியை நிறுத்திவிட்டான். அப்போது ஆயில் விளக்கும் எரிந்திருக்கிறது, வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்ஜின் தப்பித்தது. ஆனால் சரியான ஃபில்டர் கிடைத்து, ஆயில் திரும்ப வாங்கி ஊற்றி, வண்டி கிளம்ப நான்கு நாள் ஆகிவிட்டது. அதற்குள் அந்தக் கழனிக்காரரின் நாற்று முற்றிவிட்டது. வேறு வண்டி தேடினார், கிடைக்கவில்லை, எல்லா வண்டியும் சேற்றில் இருக்கிற நேரம். இருநூறு முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஒரு குடும்பத்தின் வாடகையும் இன்னொரு குடும்பத்தின் நாற்றும் போயிற்று. இவனும் அவரும் இன்றுவரை சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

அவன் அந்த இரண்டு ஃபில்டரையும் என் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்து, “அத்தை, நீங்களே பாருங்க, என்ன வித்தியாசம்?” என்றான். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தபோதுதான் தெரிந்தது.

இப்போது கொஞ்சம் கணக்கு. எட்டாம் வகுப்பைத் தாண்டாத கணக்குதான்.

டப்பா போலத் திருகி மாட்டுகிற ஃபில்டரின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும், அதன் உட்புறம் மரை இருக்கும். நம் ஊரில் ஓடுகிற வண்டிகளில் அதிகம் காண்பது இரண்டு அளவு. ஒன்று முக்கால் இன்ச், ஒரு இன்ச்சுக்கு 16 மரை. இன்னொன்று 20 மில்லிமீட்டர், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை மில்லிமீட்டர். முக்கால் இன்ச் என்பது 19.05 மில்லிமீட்டர். அதில் மரை இடைவெளி 25.4-ஐ 16-ஆல் வகுத்தால் 1.5875 மில்லிமீட்டர். ஆக, குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாக வித்தியாசம் இல்லை. இடைவெளியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் 20 மில்லிமீட்டர் ஃபில்டரை முக்கால் இன்ச் குழாயில் திருகினால் ஏறிவிடும். ரப்பர் வளையம் போய் உட்கார்ந்து இறுகியது போலவும் தெரியும். உண்மையில் மரையின் நுனி மட்டும்தான் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்த நுனிகள் எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டும் தெரியுமா? வண்டி வேலை செய்யும்போது ஆயில் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், குறைவாகத்தான் சொல்கிறேன். ரப்பர் வளையத்தின் உள் விட்டம் 6 சென்டிமீட்டர் என்றால் பரப்பு பை ஆர் ஸ்கொயர், ஏறக்குறைய 28 சதுர சென்டிமீட்டர். மூன்றால் பெருக்குங்கள், 84 கிலோ. நம் ஊர் நெல் மூட்டை ஒன்றைவிடக் கூடுதலான எடை அந்த ஃபில்டரைப் பிடித்து எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதோடு டிராக்டரின் குலுக்கல் வேறு. கடைக்காரர் கையால் திருகிப் பார்த்து “ஏறுது பாருங்க” என்று காட்டுவதில் இந்தக் கணக்கு எங்கே இருக்கிறது?

ஏன் இப்படி இரண்டு அளவு என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. நம் நாட்டு வண்டிகள் பல நாட்டு வடிவமைப்புகளிலிருந்து வந்தவை. சென்னையில் 1960-இல் தொடங்கிய டஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டரைக் கொண்டுவந்தது. பெங்களூரில் 1967-இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து பவர் டில்லர் செய்தது. கேரளத்தின் காம்கோ, குபோட்டா வடிவமைப்பில் டில்லர் செய்தது. இன்ச் கணக்கில் வரைந்த இன்ஜினும் மில்லிமீட்டர் கணக்கில் வரைந்த இன்ஜினும் ஒரே தெருவில் நிற்கின்றன. ஃபில்டர் டப்பாக்களோ ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன.

சரி, மரையும் ரப்பர் வளையமும் உயரமும் சரியாக இருந்தால் போதுமா? அதுவும் போதாது. ஃபில்டருக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத இரண்டு சின்ன உறுப்புகள் இருக்கின்றன. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வீட்டில் டீ வடிகட்டுகிறோம். தூள் அடைத்துக்கொண்டால் டீ இறங்காது, வடிகட்டியைத் தட்டிவிட்டு மறுபடி ஊற்றுகிறோம். இன்ஜினுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது. எண்ணெய் சில நொடிகள் நின்றாலே பேரிங் தேயும். அதனால் வடிதாள் அடைத்துக்கொண்டால், அல்லது விடியற்காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்தால், ஒரு வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விட்டுவிடும். எண்ணெயே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு எண்ணெயில் ஓடுவது மேல் என்ற கணக்கு. இந்த வால்வு சில இன்ஜின்களில் பிளாக்கிலேயே இருக்கிறது, சிலவற்றில் ஃபில்டருக்குள் இருக்கிறது. உங்கள் இன்ஜினில் இல்லை, நீங்கள் வாங்கிய ஃபில்டரிலும் இல்லை என்றால், அடைத்துக்கொள்ளும் நாளில் எண்ணெய்க்குப் போக வழி இருக்காது. இரண்டிலும் இருந்து, ஃபில்டரில் இருப்பது மிகக் குறைந்த அழுத்தத்திலேயே திறந்துகொள்வது என்றால், பாதி நேரம் வடிகட்டாமலே எண்ணெய் ஓடும். வண்டிக்காரர் புது ஃபில்டர் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்.

இன்னொன்று, உள்ளே ஓரத்து ஓட்டைகளை மூடியபடி இருக்கும் ரப்பர்த் தகடு. வண்டியை நிறுத்திய பிறகு ஃபில்டரில் இருக்கிற எண்ணெய் வழிந்து கீழே போய்விடாமல் அது பிடித்து வைக்கும். ஃபில்டர் படுக்கை வாட்டத்திலோ தலைகீழாகவோ மாட்டப்பட்டிருக்கும் இன்ஜினில் இது அவசியம். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு நாள் காலையிலும் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்ச நேரம் எண்ணெய் மேலே போகாது. “கடகட” என்று ஒரு சத்தம் கேட்டு அப்புறம் அடங்கும். “அது அப்படித்தான் டீச்சர், பழைய வண்டி” என்பார்கள். எல்லா வண்டியிலும் அதற்கு ஃபில்டர்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஃபில்டர் மாற்றிய அடுத்த நாளிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

வடிதாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். ஃபில்டர் தாள் பிடிக்க வேண்டிய துகள் சாதாரணமாக 20, 30 மைக்ரான். மல்லாட்டைக் கொல்லையில் கோடையில் ஓட்டினால் எழுகிற புழுதியை நினைத்துக்கொள்ளுங்கள். அது முதலில் ஏர் ஃபில்டரின் பாடு. அதைத் தாண்டி வருவதும், இன்ஜினே தேய்ந்து உதிர்கிற இரும்புத் தூளும் இதன் பாடு. ஆரம்பகால மோட்டார் வண்டிகளுக்கு இப்படி ஒரு ஃபில்டரே கிடையாது. ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி காரில்கூட இல்லை. அமெரிக்காவில் ஸ்வீட்லாண்ட், கிரீன்ஹால் என்ற இருவர் 1923 வாக்கில் செய்த ஃபில்டருக்கு ‘ப்யூரோலேட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். ‘ப்யூர் ஆயில் லேட்டர்’ என்ற மூன்று சொற்களின் சுருக்கம் அது. இன்றும் அந்தப் பெயரில் ஃபில்டர் வருகிறது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். டிராக்டரில் இன்ஜின் ஆயில் ஃபில்டர் மட்டும் இல்லை, டீசல் ஃபில்டர் இருக்கிறது, ஹைட்ராலிக் ஃபில்டரும் இருக்கிறது. மூன்றும் டப்பா வடிவத்தில் வரலாம், சில சமயம் மரையும் ஒத்துப்போகலாம். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தது இதற்கும் சேர்த்துத்தான்.

“அப்போ கம்பெனி ஒரிஜினல் மட்டும்தான் வாங்கணுமா டீச்சர்? விலை கூட ஆச்சே” என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஒரிஜினலைத் தவிர வேறு எதுவும் ஆகாது என்று அடித்துப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பாஷ், எலோஃபிக், ஃப்ளீட்கார்டு போன்ற ஃபில்டர் தயாரிப்பாளர்கள், எந்த வண்டியின் எந்த எண்ணுக்குத் தங்களுடைய எந்த எண் நேர் என்று பட்டியல் வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் எண் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பெயர் தெரியாத டப்பா, எண் இல்லாத டப்பா, “எல்லா டிராக்டருக்கும்” என்று அச்சடித்த டப்பா, இவைதான் வேண்டாம் என்கிறேன்.

சரியான எண்ணை எங்கே பார்ப்பது? வண்டியோடு கொடுத்த கையேட்டில். அது பெரும்பாலும் பீரோவில் நகைக்கடைப் பையோடு கிடக்கும், எடுங்கள். கையேடு இல்லாவிட்டால் இன்ஜினில் பொறித்திருக்கிற எண்ணையும் சேசிஸ் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு ஷோரூமில் கேளுங்கள், சொல்வார்கள். பானெட்டில் ஒட்டிய மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில் வந்த வண்டியிலும் வருடத்துக்கு வருடம் மாற்றம் இருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இன்ஜினே மாறியிருக்கலாம். பழைய ஃபில்டரைக் கையில் எடுத்துப் போய் “இதே மாதிரி கொடுங்க” என்பதுதான் நம் வழக்கம். போன முறை மாட்டியதே தப்பான ஃபில்டராக இருந்தால்? தப்பைப் பார்த்துக் காப்பி அடித்த விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். அதனால் பழைய ஃபில்டரில் இருக்கும் எண்ணைக் கையேட்டு எண்ணோடு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நம் ஒன்றியத்திலேயே கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் உள்ள ஊர், ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “எங்க ஸ்டோர்ல நட்டு, வாஷர்கூட நம்பர் எழுதிக் கொடுக்காம வாங்க முடியாது டீச்சர். இது மாதிரி அது மாதிரின்னு சொன்னா விரட்டிடுவாங்க.” அந்த ஒழுங்கை ஊருக்குத் திரும்பி வந்ததும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் ஒருவன், உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி வாங்கியிருப்பதாகப் படம் அனுப்பியிருந்தான். (இங்கே அவன் அப்பா ஆட்டை அவிழ்த்து விட்டால் வேலை முடிந்தது.) அந்த வண்டியிலும் இதே கதைதான். வண்டியின் மேல் ஒரு கம்பெனி பெயர் இருக்கும். உள்ளே இன்ஜின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனோ கோலரோ கவாசாகியோ செய்ததாக இருக்கும். ஃபில்டரை இன்ஜினின் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மரை ஒத்துப்போகிறது என்று கார் ஃபில்டரை மாட்டுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்களாம். உயரம் கூடிய ஃபில்டர் பக்கத்துத் தகட்டில் உரசலாம், உள்ளே இருக்கிற வால்வு வேறு அழுத்தத்தில் திறக்கலாம். அதைக் கவனி தம்பி.

எனக்கு இதில் ஒரு ஆதங்கமும் உண்டு. 2014-15-லிருந்து மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் நடக்கிறது. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பாதி விலை வரை மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. வண்டி வாங்கும் நாளில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, போட்டோ எடுக்கிறோம். அதற்குப் பின் பத்து வருடம் அந்த வண்டிக்கு எதை வாங்கிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பள்ளிப் புத்தகத்தில் வடிகட்டுதல் இருக்கிறது, வகுப்பறைக்கு வெளியே நிற்கிற டிராக்டர் அதில் இல்லை.

கடையில் வாங்கும்போது அட்டைப்பெட்டியையும் பாருங்கள். 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச விலை இவை பெட்டியில் இருக்க வேண்டும். பிரபல கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால், விலையின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். கட்டாயம் பில் வாங்குங்கள், அதில் பாகத்தின் எண்ணையும் உங்கள் வண்டியின் மாடலையும் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிற கடை, தான் கொடுக்கிற பொருளைத் தானே நம்பவில்லை என்று அர்த்தம். தப்பான பொருளால் நஷ்டம் வந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. “வாடகைக்கு ஓட்டுகிற வண்டி, வியாபாரம், அதனால் நீ நுகர்வோர் இல்லை” என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காக, தானே தொழில் செய்ய வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். ஆனால் பில் இல்லாமல் யாரும் உங்களுக்கு உதவ முடியாது.

மாட்டுவதைப் பற்றி மெக்கானிக் மாணவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். ஒன்றிரண்டு மட்டும். பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஒழுகும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டபின் பெரும்பாலும் முக்கால் சுற்று. எத்தனை சுற்று என்று டப்பாவின் மேலேயே இருக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம். கழற்றிய ஆயிலை நாகநதிப் பக்கம் கொண்டுபோய் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீர்தான் நம் கிணற்றுக்கு வருகிறது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் என் மாணவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருக்கிறீர்கள். இந்தப் பதிவை நீங்கள் படிப்பீர்கள் என்றும் தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். இல்லாத பொருளை இல்லை என்று சொல்லி, “நாளைக்கு வரவழைச்சுத் தரேன்” என்று சொன்னால் ஒரு விற்பனை போகும், அந்த ஆள் போகமாட்டார். ஃபில்டர் கம்பெனிகள் கொடுக்கிற பட்டியல் புத்தகம் உங்களிடம் இருக்கும். நம் பக்கத்தில் அதிகம் ஓடுகிற வண்டிகள் உள்ள பக்கங்களைப் போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் மாடல், வருடம், கையேட்டில் உள்ள ஃபில்டர் எண் மூன்றையும் எழுதுங்கள். இன்ஜின் எண், சேசிஸ் எண்ணைப் பொதுவில் போட வேண்டாம், அவை உங்களிடமே இருக்கட்டும். என் தம்பி மகனின் வண்டி விவரத்தை முதல் ஆளாக நானே கீழே எழுதியிருக்கிறேன்.